விண்கப்பலில் வந்த பிடிமண்

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் தொடக்க இசையில் பெண்குரல் ஒன்று காயத்ரி மந்திரத்தைப் பாடுகிறது. இலங்கை மலையகத்து ராகலையில் இருக்கும் என் நண்பன்தான் முதலில் காதைத் தீட்டினான். "மச்சான், இது நம்ம பீடத்துல சொல்றதுதானே? அங்க எப்படிப் போச்சு?"

அவன் சொன்னது நுவரெலியாவில் ஆர்.கே. முருகேசு சுவாமிகள் நிறுவிய காயத்ரி பீடத்தை. எங்கள் பக்கத்தில் அந்த மந்திரத்தைப் பலரும் அறிந்தது அந்தப் பீடத்தின் வழியாகத்தான். ரிக் வேதத்தின் மூன்றாம் மண்டலத்தில், விசுவாமித்திரர் பெயரில் வரும் சூரிய வழிபாட்டு மந்திரம் அது. அதை விண்கப்பலில் ஏற்றியவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

முதல் விடை சீக்கிரமே கிடைத்தது, சப்பென்றும் இருந்தது. 2003 டிசம்பரில் வந்த குறுந்தொடருக்கு இசையமைத்த ரிச்சர்ட் கிப்ஸ் அதைப் பயன்படுத்தியிருக்கிறார். அவ்வளவுதான். கதைக்குள் விசுவாமித்திரரும் இல்லை, மந்திரம் போற்றும் சூரியக் கடவுள் சவிதாவும் இல்லை. அங்கே மனிதர்கள் கும்பிடுவது சீயஸ், அதீனா, அப்பல்லோ. மந்திரம் வெறும் ஒலியலங்காரம். நண்பனுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கோ வேறொரு கேள்வி எழுந்தது. இயந்திர மனிதர்களான சைலான்கள் பன்னிரண்டு கிரகங்களை அணுகுண்டால் அழித்துவிடுகிறார்கள். மிஞ்சிய ஐம்பதாயிரம் பேர் கப்பல்களில் ஏறி, மறைநூலில் மட்டுமே பெயர் உள்ள பூமியைத் தேடி அலைகிறார்கள். கப்பலில் ஆளுக்கே இடமில்லாத அந்த ஓட்டத்தில் இத்தனை சாமிகளை ஏன் கூட்டிக்கொண்டு போகிறார்கள்?

அதற்குப் பழைய தொடரைத் தோண்ட வேண்டியிருந்தது. 2003இல் வந்தது மறு ஆக்கம். மூலம் 1978 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கி, ஒரே பருவத்தோடு நின்றுபோனது. அதை உருவாக்கிய கிளென் லார்சன் மோர்மன் திருச்சபையைச் சேர்ந்தவர். இது தெரிந்ததும் பூட்டுகள் வரிசையாகத் திறந்தன. தொடரில் மனித குலத்தின் தாய்க்கிரகம் கோபோல். மோர்மன் மறைநூலான 'ஆபிரகாமின் புத்தக'த்தில் கடவுளின் அரியணைக்கு அருகில் இருக்கும் விண்மீன் கோலோப். தொடரில் ஆட்சி செய்வது பன்னிருவர் குழு. திருச்சபையின் தலைமையிலும் பன்னிரு அப்போஸ்தலர் குழு உண்டு. திருமணம் இம்மையோடு முடியாமல் நித்தியத்துக்கும் முத்திரையிடப்படுவது இரண்டிலும் உண்டு. 'கடவுள்களின் போர்' என்ற கதையில் ஒளிமயமான உருவங்கள் தோன்றி, தாமும் ஒருகாலத்தில் மனிதர்கள்போல் இருந்தவர்களே, மனிதரும் தம்மைப்போல் ஆகலாம் என்கின்றன. லொரென்சோ சினோ என்ற மோர்மன் தலைவரின் ஈரடிப் போதனையின் சாயல் அது.

அந்தத் தொடரில் விமானிகளின் தலைக்கவசம் எகிப்திய மன்னரின் தலையணிபோல் இருக்கும். அதற்கு ஒரு காரணம் அன்றைய மோகம். எரிக் வான் டேனிக்கன் 1968இல் எழுதிய 'கடவுள்களின் தேர்கள்?' நூலுக்குப் பிறகு பிரமிடைக் கண்டவர்கள் எல்லாம் வேற்றுக்கிரகவாசியைத் தேடினார்கள். ஆனால் மோர்மன்களிடமும் ஒரு எகிப்து உண்டு. 1835இல் ஒஹையோவின் கர்ட்லாண்டில், ஊரூராக மம்மி காட்டிப் பிழைத்த ஒருவரிடமிருந்து நான்கு மம்மிகளையும் பாப்பிரஸ் சுருள்களையும் 2,400 டாலருக்கு வாங்கினார்கள். அந்தச் சுருள்களிலிருந்தே ஆபிரகாமின் புத்தகத்தை மொழிபெயர்த்ததாக அவர்களின் தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் அறிவித்தார். தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட அவற்றில் சில துண்டுகள் 1966இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டன. படித்த எகிப்தியல் அறிஞர்கள், இறந்தவரோடு புதைக்கும் வழக்கமான ஈமச் சடங்கு ஏடுகள் இவை என்றார்கள். திருச்சபை அதனால் கலைந்துவிடவில்லை. கலையும் என்று எதிர்பார்க்கிறவர்கள் கோயில் திருவிழா எதையும் கிட்ட இருந்து பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

கோலோபைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது மோர்மன்களின் நெடுநடைதான். 1844இல் இலினாய் மாநிலத்துச் சிறையில் இருந்த ஜோசப் ஸ்மித்தைக் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. 1846இல் நாவூ நகரத்து வீடுகளையும் புதிதாகக் கட்டிய ஆலயத்தையும் விட்டு மாட்டு வண்டிகளில் புறப்பட்டார்கள். ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். 1847 ஜூலையில் பிரிகாம் யங் தலைமையில் முதல் கூட்டம் யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தது. கொலை, தீ, வண்டித்தொடர், வழியெங்கும் சாவு, மறைநூல் காட்டும் நிலம். லார்சன் தன் சபையின் குடும்ப நினைவை ஆகாயத்தில் ஓடவிட்டார் என்பது என் ஊகம். மந்திரத்தைப் பிடித்துக்கொண்டு காசிக்குப் போவேன் என்று நினைத்தவன் யூட்டாவில் போய் நின்றேன்.

காசியைவிட யூட்டா எனக்கு நெருக்கமாகத் தெரிந்தது. எங்கள் மலையகத்தில் கோப்பி பயிரான காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சனம் கங்காணியின் பின்னால் புறப்பட்டு, கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்தது. கொலராவில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்தது. ஊர்க்கோயில் மண்ணைப் பிடியளவு எடுத்துப்போய், போன இடத்தில் பீடம் போட்டுச் சாமியை நிலைநிறுத்துவது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். முனியாண்டியும் மாடசாமியும் மாரியம்மனும் எங்கள் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்ததும் அப்படித்தான் என்பார்கள். மறு ஆக்கத்தில் தப்பி அலையும் கூட்டத்தின் தலைவி லாரா ரொஸ்லினும் புற்றுநோயோடு மருந்து மயக்கத்தில் பாம்புகளைக் கண்டு, மறைநூலில் தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று நம்பத் தொடங்குவாள். அமெரிக்க விமர்சகர்கள் இந்தக் கட்டத்தை எதேச்சாதிகாரம், பித்து என்றெல்லாம் அலசினார்கள். சாமியாடிக் குறி சொல்லும் ஆத்தாவைக் கண்டு வளர்ந்தவனுக்கு அதில் குழப்பம் இல்லை. குறி பலிக்கிறதா என்பது பிறகு. கூட்டம் கலையாமல் நகர ஒரு வாக்கு வேண்டும்.

மறு ஆக்கத்தைச் செய்தவர் ரொனால்ட் மூர். 'ஸ்டார் ட்ரெக்'கில் எழுதிப் பழகியவர். அதைப் படைத்த ஜீன் ராடன்பரியின் எதிர்காலத்தில் மனிதர்கள் மதத்தைக் கடந்துவிட்டவர்கள். மதத்துக்கான கதவு 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற கிளைத்தொடரில்தான் நன்றாகத் திறந்தது; அங்கே பஜோர் மக்கள் புழுத்துளைக்குள் வாழும் 'தீர்க்கதரிசிகளை'த் தொழுவார்கள். மூர் அதிலும் எழுதியவர். கலாக்டிகாவில் அவர் செய்த குசும்பு, மனிதருக்குப் பல கடவுள்களையும் இயந்திரங்களுக்கு ஒரே கடவுளையும் கொடுத்தது. குறுந்தொடரில் சைலான் பெண் ஒருத்தி வாயில் போகிறபோக்கில் எழுதிய கடவுள் வசனத்தை நிர்வாகி ஒருவர் கவனித்து விரிக்கச் சொன்னதாக மூரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு மதம் இப்படியும் பிறக்கிறது.

அந்தச் சைலான்களுக்குச் சாவு கிடையாது. உடல் அழிந்தால் நினைவு வேறோர் உடலில் விழித்தெழும். எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவோம். சிவன் மன்மதனை எரிப்பார், ரதி அழுவாள், பிறகு அவனை எழுப்பும் சடங்கும் உண்டு. தஞ்சைப் பக்கம் காமன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு அணியாகப் பிரிந்து விடிய விடிய லாவணி பாடுவார்கள். திரும்பி எழுந்தவன் அதே ஆள்தானா என்று நான்கு பருவங்கள் தொடர் இழுத்த சர்ச்சையை அவர்கள் ஓரிரவில் முடித்துவிடுவார்கள்.

கடைசி அத்தியாயம் 2009 மார்ச் 20இல் ஒளிபரப்பானது. மூன்று நாள் முன்னதாக, தொடர் எழுப்பிய மனித உரிமைக் கேள்விகளைப் பேச நியூயார்க்கில் ஐ.நா. மன்றமே ஒரு கூட்டம் நடத்தியது. அதே மார்ச்சில், இலங்கைப் போரின் கடைசிக் கட்டத்தில், வன்னிச் சனம் புதுமாத்தளன் கடற்கரையில் முடங்கிக் கிடந்தது. அன்று அந்தக் கூட்டத்துச் செய்தியைப் படித்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

முடிவில் எஞ்சியவர்கள் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பூமியில் இறங்குகிறார்கள். கப்பல்களைச் சூரியனுக்குள் அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் துறந்து, சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து போகிறார்கள். தொடர் முழுவதையும் நம்பிய நான் இதை மட்டும் நம்பவில்லை. இடம்பெயரும் சனம் எதையும் விட்டுப் போவதில்லை. 1964 அக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. உடப்புசல்லாவையில் எங்கள் தோட்ட லயத்திலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியவர்களில் பெரியப்பாவும் ஒருவர். ஒப்பாரிக் கோச்சி என்று ஊர் சொல்லும் ரயில் அது. அங்கிருந்து ராமானுஜம் கப்பல், மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரித் தேயிலைத் தோட்டம். அம்மி, குத்துவிளக்கு, கூத்துக்குக் கட்டும் சலங்கை வரைக்கும் மூட்டை கட்டினார்களாம். தொடரின் முடிவைத் தொலைபேசியில் அவருக்குச் சொன்னேன். "எல்லாத்தையும் சூரியன்ல போட்டுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அங்கே அவர்கள் வைத்திருக்கும் முனியாண்டி பீடத்துக்கு உடப்புசல்லாவை மண்ணைத்தான் கொண்டுபோய்ப் போட்டதாகச் சொன்னார். திருச்சி அங்கேயிருந்து பக்கம்தானே, மூலக்கோயிலிலேயே எடுத்திருக்கலாமே என்றேன். "அந்தச் சாமிக்கு எங்கள எப்படிடா தெரியும்?" என்றார்.