பெரிய எழுத்து, சின்ன எழுத்து

கோமதி அம்பாளைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, சங்கரன்கோவில் ரத வீதியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் போய் உட்கார்ந்தேன். வாரக்கூலி கைக்கு வந்திருந்த நேரம். விசைத்தறிக்குப் போகிறவர்கள், பூச்சந்தையில் யாவாரம் முடித்தவர்கள், காலேஜ் பையன்கள் என்று கடை வாசல் நிறைந்திருந்தது. "அண்ணாச்சி, ஹேங் ஆவுது." "சார்ஜ் நிக்க மாட்டேங்கு." "டவரே எடுக்கல."

கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். "பெட்டி இருக்கா? கொண்டாங்க." போனைவிடப் பெட்டியைத்தான் அவர் முதலில் பார்க்கிறார், அதுவும் பின்பக்கத்தை. "பெரிய எழுத்து விக்கிறவனுக்கு, சின்ன எழுத்து வாங்குறவனுக்கு" என்றார். அன்று முழுவதும் அந்தக் கணக்குத்தான் ஓடியது.

முதலில் வந்த பையனின் பெட்டியில் 8 ஜிபி ரேம் என்று கொட்டை எழுத்து. "எட்டு ஜிபிண்ணே, ஆனா ரெண்டு ஆப் தெறந்தா நிக்குது." பின்பக்கம் திருப்பினால் 4 ஜிபி, அதனுடன் கூட்டல் குறி போட்டு இன்னொரு 4 ஜிபி. அந்த இரண்டாவது நாலுக்குப் பெயர் விர்ச்சுவல் ரேம். உண்மையில் அது ரேமே இல்லை. படமும் வீடியோவும் சேமிக்கிற ஸ்டோரேஜில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் தன் வேலை மேசையைத் தட்டிக் காட்டினார். "இது ரேம். பின்னால இருக்க அலமாரி ஸ்டோரேஜ். அலமாரில ஒரு தட்டுக்கு மேசைன்னு பேரு வச்சா, ஸ்க்ரூ டிரைவர் கைக்கு எட்டிருமா?"

அந்த அலமாரியிலும் இரண்டு ரகம் உண்டு. மலிவு போன்களில் பெரும்பாலும் இஎம்எம்சி. கொஞ்சம் விலை கூடினால் யூஎஃப்எஸ். படிக்கிற வேகத்தில் இரண்டாவது பல மடங்கு முந்தும். 128 ஜிபி என்று இரண்டு பெட்டியிலும் ஒரே எண் இருந்தாலும், ஆப் திறக்கும் வேகம் ஒன்றாக இருக்காது. போன் ஒரு வருஷத்தில் கிழடாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம். பல பெட்டிகளில் இது அச்சிடப்படுவதே இல்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். கேமராவுக்கு நாலு இடத்தில் எண் போடுகிறவர்களுக்கு இதற்கு ஒரு வரி இடமில்லையா என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கேமரா எண்ணும் அப்படித்தான். 50 மெகாபிக்சல் என்பார்கள். வழக்கமாக எடுக்கும்போது நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து, 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் போன் தருகிறது. இருட்டில் நன்றாக வருவதற்கு அது நல்லதுதான். ஆனால் படத்தின் தரத்தை முடிவு செய்வதில் சென்சாரின் அளவுக்கும் லென்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு.

அடுத்தது பேட்டரி. தறிக்குப் போகிற ஒருவரின் போன் பின்மூடி வயிறு போல் உப்பியிருந்தது. பெட்டியில் போட்டிருக்கும் 5000 எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்கிற கணக்கு. 33 வாட் என்பது எவ்வளவு வேகமாக உள்ளே போகும் என்கிற கணக்கு. போன் 33 வாட் தாங்கும் என்று எழுதியிருந்தாலும், பெட்டிக்குள் வருகிற சார்ஜர் அதைவிடக் குறைந்ததாக இருக்கலாம். சார்ஜரே இல்லாமலும் வரலாம். "போனை எங்க வைப்பீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். தறி ஓடுகிற கொட்டகையில், தகரக் கூரைக்குக் கீழே, சார்ஜ் போட்டபடியே என்று பதில் வந்தது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் முதல் எதிரி. உப்பிய பேட்டரியைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். மாற்றுவது ஒன்றே வழி.

ஒரு ஆச்சி பட்டன் போனோடு வந்தார். பேரன் புது சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தானாம், டவர் வரவில்லை. போன் 2ஜி, சிம் ஜியோ. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. பேச்சே 4ஜி வழியாகத்தான் போகும். அதற்குப் பெயர் வோல்ட்இ. "பேசத்தான்யா கேக்கேன், நெட்டா கேக்கேன்?" என்றார் ஆச்சி. பேசுவதற்கே அந்த வசதி உள்ள போன் வேண்டும் என்று அவருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

5ஜியிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது, ஜியோ தனி 5ஜி வலையாக, அதாவது எஸ்ஏ முறையில் வந்தது. ஏர்டெல் 4ஜியின் மேல் ஏறிப் போகும் என்எஸ்ஏ முறையில் வந்தது. சில மலிவு 5ஜி போன்களில் எஸ்ஏ மட்டுமே உண்டு. சிம்மைப் பார்த்துப் போன் வாங்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

தண்ணீருக்குத் தாங்கும் என்கிற ஐபி68 முத்திரையை நம்பிக் கேட்டவரிடம், ஒரு தரம் டிஸ்ப்ளே மாற்றிய போனுக்கு அதை நம்பாதீர்கள் என்றார் கடைக்காரர். பசை பிரிந்த பிறகு அந்த அடைப்பு பழையபடி இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சின்ன எழுத்தில் சார் (SAR) என்று இன்னொரு எண்ணும் இருக்கும். அது உடலில் ஏறும் ரேடியோ அலையின் அளவு; 2012 முதல் இந்தியாவில் கிலோவுக்கு 1.6 வாட்டுக்கு மேல் போகக் கூடாது.

இருட்டும் நேரத்தில் ஒரு அம்மா மகனுக்காகப் பழைய போன் ஒன்றை எடுத்து வந்தார். வெளியே யாரிடமோ விலை பேசியிருந்தார். பணம் இன்னும் கொடுக்கவில்லை. கடைக்காரர் *#06# அடித்தார். திரையில் வந்த, போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் பெட்டியின் பின்பக்க எண்ணும் பொருந்தவில்லை. "வேண்டாம் தாயி, திருப்பிக் குடுத்துருங்க" என்றார், வேறு பேச்சில்லாமல். ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கத்தக்க குற்றம்.

பழைய போன் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து அடித்து, ஒரு இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். கறுப்புப் பட்டியல், போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். சரியாக வந்தாலும் பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள்.