இடப்பக்கம் கடல்

சென்னையிலிருந்து கன்னியாகுமரியை நோக்கிக் கடற்கரை வழியாகப் போகும் பேருந்துகளில் கடல் பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். தமிழ்நாட்டின் நகரப் பேருந்துகளில் பெண்கள் இருக்கைகளும் இடப்பக்கம்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இப்படி ஊர் ஊராகப் போகும் தம்பதியில் கடல் மனைவிக்கு. வயல், உப்பளம், சவுக்குத்தோப்பு எல்லாம் கணவருக்கு.

தாம்பரத்தைச் சேர்ந்த அந்தத் தம்பதிக்கு இது கடலூரைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கணவருக்கு 60 வயது. அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. மனைவிக்கு 56. மார்ச் மாதம் டொராண்டோவுக்குப் புறப்பட வேண்டும். அங்கே மகளுக்குத் தலைப்பிரசவம். ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. டிக்கெட் விலை, வீட்டைப் பார்த்துக்கொள்வது, மாடியில் குடியிருப்பவர்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, கணவர் இங்கேயே இருப்பதாக முடிவாகியிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மாதங்களைத் தவிர, 31 வருடத்தில் இருவரும் பத்து நாள் சேர்ந்தாற்போல் பிரிந்திருந்ததில்லை.

போவதற்கு முன் கடற்கரை வழியாகவே கன்னியாகுமரி வரை ஒருமுறை போய்வர வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. கார் ஏற்பாடு செய்கிறேன் என்றான் மகன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

"கார்ல போனா நீங்க முன்சீட்ல உட்கார்ந்து டிரைவர்கூட அரசியல் பேசிட்டு வருவீங்க. நான் பின்னாடி தூங்கிட்டு வருவேன். பஸ்லயே போலாங்க."

பொங்கல் முடிந்து, மழையும் இல்லாமல் வெயிலும் ஏறாமல் இருந்த ஜனவரிக் கடைசியில் கிளம்பினார்கள். பிள்ளைகள் கல்லூரிக்கு எடுத்துப்போன பழைய முதுகுப்பைகள் இரண்டு பரணிலிருந்து இறங்கின. மனைவி போட்ட விதி ஒன்றுதான்: பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ள முடியாத எதுவும் வேண்டாம். ஆளுக்கு மூன்று செட் துணி, ஒரு துண்டு, மாத்திரை டப்பா, துணி காயப்போட நைலான் கயிறு. கணவர் எடுத்து வைத்த இரண்டாவது செருப்பு, குடை, டிரான்சிஸ்டர் மூன்றும் வீட்டிலேயே தங்கிவிட்டன.

திருவான்மியூரில் ஏறிய புதுச்சேரி வண்டியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. மாமல்லபுரத்தைத் தாண்டி, மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று வந்தபோது, "இவ்வளவு உப்பா!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை. அங்கே இருட்டும் வரை நடந்தார்கள். அன்றைய பயணம் யாருக்கும் வாய்க்கும் சுற்றுலாதான்.

பயணம் மாறியது அடுத்த நாள். ஊருக்கு ஊர் வண்டி மாறிப் போவதென்றால் சில இடங்களில் நகரப் பேருந்துதான் கிடைக்கும். பெண்கள் முன்படியில் ஏறுவார்கள், ஆண்கள் பின்படியில். கூட்டத்தில் மனைவி முன்னால் இடப்பக்கம் எங்கோ உட்கார்ந்துவிடுவார். கணவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. "பஸ் முழுக்க எனக்கு ஃப்ரீ. உங்களுக்குத்தான் செலவு" என்று இறங்கும்போதெல்லாம் மனைவி சொல்லிக் காட்டினார்.

முதல் நாள் அது கணவருக்குப் பிடிக்கவில்லை. சேர்ந்து போகலாம் என்று கிளம்பிவிட்டு இது என்ன ஆளுக்கொரு மூலை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றிரவு சிதம்பரத்து விடுதியில் தோசையைப் பிட்டுக்கொண்டே மனைவி கேட்டார், "உங்க பக்கம் இன்னைக்கு என்ன வந்துச்சு?"

அவர் யோசித்துச் சொன்னார். நாற்று, கொக்கு, இறால் பண்ணை. பக்கத்தில் நின்றவர் இறால் பண்ணை போட்டு நஷ்டப்பட்ட கதை. மனைவி தன் பக்கத்தைச் சொன்னார். கடல் உண்மையில் எப்போதாவதுதான் தெரிகிறது. காற்றும் பனைமரமும் கருவாட்டு வாசமும்தான் அது அருகில் இருப்பதைச் சொல்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மருமகளுக்கு வளைகாப்பு வைக்கப்போவது, அதற்குக் கட்டப்போகும் ஏழு வகைச் சோறு.

அதன் பிறகு அதுவே தினசரி வழக்கம். ஒரே வண்டியில் இரண்டு பயணம். ராத்திரி இரண்டையும் சேர்த்துப் பேசுவது. காரில் போயிருந்தால் இருவரும் ஒரே கண்ணாடி வழியே ஒன்றையே பார்த்திருப்பார்கள். பேச என்ன இருந்திருக்கும்?

தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையின் மதில்மேல் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். காரைக்காலில் மாநிலம் மாறி, நாகூரில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைந்தார்கள். அங்கே இறால் பதித்துப் பொரித்த வாடாவைக் கணவர் நான்கு தின்றார். நாகப்பட்டினத்தில் காலிக் கூடையோடு ஏறிய மீன்காரப் பெண்மணி மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமி அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அந்தப் பெண்மணி அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஜன்னல் வழியே ஓர் இடத்தைக் காட்டி, "இதுவரைக்கும் வந்துச்சு" என்றார். பிறகு அன்றைய வஞ்சிரம் விலையைச் சொன்னார். அன்றிரவு வேளாங்கண்ணியில் மனைவி அந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே சொல்லிவிட்டு வெகுநேரம் தூங்காமல் கிடந்தார்.

சிரமங்களும் இருந்தன. பேருந்துப் படி உயரம். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒவ்வொரு ஏற்றமும் ஒரு சோதனை. பெண்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு: எவ்வளவு தண்ணீர் குடிப்பது, அடுத்த நல்ல கழிப்பறை எங்கே என்பது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே வண்டியில் உட்காருவதில்லை என்று மூன்றாம் நாளே முடிவு செய்தார்கள். எந்த ஊரில் இறங்கினாலும் முதல் வேலை டைம் கீப்பரிடம் கடைசி வண்டி எப்போது என்று கேட்பது. சாயங்காலம் நாலு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுவது. அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுப்பது.

இவ்வளவு ஜாக்கிரதைக்கும் நடுவில்தான் வேதாரண்யம் வந்தது.

கோடியக்கரைக்குப் போகும் நகரப் பேருந்து நின்றுகொண்டிருந்தது. மனைவி முன்படியில் ஏறிவிட்டார். கணவர் ஒரு டீ குடித்துவிட்டுப் பின்படியில் ஏறுவதாகச் சொன்னார். வண்டி கிளம்பியது. நல்ல கூட்டம், திரும்பிப் பார்த்தாலும் பின்பக்கம் தெரியவில்லை. அவர் ஏறியிருப்பார் என்று மனைவி நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய அகத்தியன்பள்ளி வந்து போனது. உப்பளங்கள் போயின. காடு வந்தது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கணவர் இறங்கவில்லை.

வேதாரண்யத்தில் அவர் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பையைத் தடவினார். செல்போன் இல்லை. சார்ஜ் போடக் கொடுத்தது, பவர் பேங்க்கோடு மனைவியின் பையில் கிடந்தது. டீக்கடைக்காரர் தன் போனை நீட்டினார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மனைவியின் எண் அவருக்கு மனப்பாடமில்லை. 31 வருடக் குடும்பம். அந்தப் பெயரைத் தொட்டால் அழைப்பு போகும்; அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பத்து இலக்கத்தில் முதல் இரண்டுகூட உறுதியில்லை.

மனப்பாடமாக இருந்த ஒரே எண் அவருடையது. அதற்கே போட்டார்.

கோடியக்கரையில் பைக்குள் மணி அடித்தது. மனைவி எடுத்தார்.

"நான்தாம்மா பேசறேன்."

"உங்க போன் என்கிட்ட இருக்கே!"

"அதான் அதுக்குப் போட்டேன்."

அடுத்த வண்டிக்கு நேரமிருந்தது. திரும்பி வரட்டுமா என்று மனைவி கேட்கவில்லை. "அடுத்த பஸ்ல வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் தனியாக இருந்தார். டீக்கடையில் பெஞ்சு கேட்டு உட்கார்ந்தார். சரணாலயத்துக்கு வழி விசாரித்தார். தெற்கே நேராக வரும் கரை மேற்கே திரும்பும் இடம் இந்தக் கோடிதான் என்று ஒரு பெரியவர் விளக்கியதைக் கேட்டுக்கொண்டார். தெரியாத ஊரில் துணையில்லாமல் அத்தனை நேரம் இருந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. டொராண்டோ போகும் வழியில் வேறொரு விமான நிலையத்தில் இறங்கி, தனியாக விமானம் மாற வேண்டும் என்ற பயம் மூன்று மாதமாக அவருக்குள் இருந்தது. அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது கொஞ்சம் இறங்கியது.

அடுத்த வண்டியில் வந்து இறங்கிய கணவர் முதலில் கேட்டது, "உன் நம்பரைச் சொல்லு." ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, முத்துப்பேட்டை போகும் வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அதிராம்பட்டினத்தில் மனைவிக்கு வேறொரு பாடம் கிடைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அந்தக் கரையில் வீட்டுக்கு வீடு இதே கதைதான். கடலுக்குப் போனவர், அல்லது கடல் தாண்டிப் போனவர். "கல்யாணமாகி 22 வருஷம் ஆச்சுக்கா. கூட இருந்ததைக் கூட்டினா மூணு வருஷம் தேறும்" என்றார் அந்தப் பெண், யார் வீட்டுக் கணக்கையோ சொல்வதுபோல. இவர் தன் ஆறு மாதத்தைச் சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

பாம்பன் சாலைப் பாலத்தில்தான் இரண்டு பக்கமும் கடல். வண்டியே எழுந்து நின்று பார்த்தது. அந்த ஓர் இடத்தில் கணவர் பின்னாலிருந்து, "என் பக்கமும் வந்திருச்சு!" என்று குரல் கொடுத்தார். மறுநாள் தனுஷ்கோடி போனார்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் அழிந்த ஊர். கூரையில்லாமல் நிற்கும் தேவாலயச் சுவர்களுக்கு நடுவே யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை.

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே போகப்போக மனைவி எதையும் விசாரிப்பதை நிறுத்திக்கொண்டார். இரண்டு பைகளையும் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். வண்டி கேட்பது, அறை பார்ப்பது, சாப்பாட்டுக்கடை தேடுவது, மாத்திரை நேரத்தை நினைவு வைத்துக்கொள்வது, ராத்திரி துணி அலசிக் காயப்போடுவது எல்லாம் கணவர் பொறுப்பு. தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"நீ எனக்கு டிரெய்னிங் குடுக்கறியா?"

"பின்ன? ஆறு மாசம் யார் துவைச்சுப் போடுவாங்க?"

கணவர் சிரிக்கவில்லை. மக்ரூன் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்ததற்கும், மனைவி டிக்கெட் போட்ட அன்று சாப்பிடாமல் படுத்ததற்கும் காரணம் என்ன என்பதை அங்கேதான் வாய்விட்டுச் சொன்னார். "எனக்குத் தனியா இருக்கத் தெரியாதும்மா." தாம்பரம் வீட்டில் இந்த வாக்கியம் வந்திருக்காது. அங்கே ஆளுக்கொரு டிவி நேரம், ஆளுக்கொரு வேலை. பேருந்து நிலையத்துச் சிமென்ட் பெஞ்சில், அடுத்த வண்டி வரும் வரை இருவருக்கும் செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

"எனக்கும்தான் தெரியாது. கோடியக்கரையில கொஞ்சம் பழகிட்டேன்" என்றார் மனைவி.

திருச்செந்தூரில் கும்பிட்டு, உடன்குடிக் கருப்பட்டி வாங்கிக்கொண்டு, பன்னிரண்டாம் நாள் கன்னியாகுமரி சேர்ந்தார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில், காலுக்குக் கீழே அலை தெரியத் தெரிய நடந்தார்கள். பாதியில் கணவருக்குக் கால் கூசியது. மனைவி கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. இரண்டடி முன்னால் மெதுவாக நடந்தார். அவரும் வந்து சேர்ந்தார்.

ஊர் திரும்பிய பிறகு வீட்டில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். புளி அதிகமாகத்தான் விழுகிறது. மனைவியின் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறார். அங்கே போனதும் அவருக்குப் புது எண் வரும் என்று மகன் நினைவூட்டியபோது, "அதையும் படிச்சுக்கறேன்" என்றார். டொராண்டோவில் பொழுது விடியும்போது இங்கே சாயங்காலம். அப்போது தினமும் ஒரு போன், "உன் பக்கம் இன்னைக்கு என்ன?" என்ற ஒரே கேள்வியோடு தொடங்குவது என்று பேசி வைத்திருக்கிறார்கள்.

செப்டம்பரில் மனைவி திரும்பி வருகிறார். முதுகுப்பைகள் இரண்டும் பரணுக்குப் போகவில்லை; துவைத்து, பீரோவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கின்றன. அடுத்த பொங்கலுக்குப் பிறகு கன்னியாகுமரியிலிருந்து வடக்கே, கேரளக் கரை வழியாகக் கண்ணூர் வரை. அந்தப் பக்கம் போனாலும் கடல் இடப்பக்கம்தான் வருமாம். கணவர் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டார்.