எளியோருக்காக எழுதிய மண்

சீகாழியில் புகைவண்டி ஏறினால் மயிலாடுதுறை வெகு தொலைவன்று. வைத்தீசுவரன்கோயில், ஆனந்ததாண்டவபுரம் என நிலையங்கள் வந்து மறையும். இருபுறமும் வயல்கள், வரப்பில் குடை பிடித்து நடக்கும் ஒரு முதியவர், சேற்றில் குனிந்து நாற்று நடும் பெண்கள். இச்சிறு பயணத்திற்குள் தமிழின் புகழ்மிக்க இரண்டு நாடகக் கீர்த்தனைகளையும், முதல் நாவலையும் நமக்களித்த மூவரின் ஊர்களைக் கண்டுவிடுகிறோம்.

சீகாழி, அருணாசலக் கவிராயர் (1711–1779) வாழ்ந்த ஊர். தில்லையாடியிற் பிறந்து இங்கே குடியேறியவர் அவர். கம்பரின் காவியம் கற்றோர் அவையில் மட்டும் ஒலித்தல் போதாதென்று, அதனை இராம நாடகக் கீர்த்தனையாக்கினார். எழுத்தறியாதவரும் கேட்டு மகிழ இராமகாதை இசை வடிவம் பெற்றது.

அடுத்து ஆனந்ததாண்டவபுரம். இங்கு வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யை இயற்றினார். தில்லைக்குச் செல்ல விடை கேட்கும் பண்ணையாளையும், விடைதர மறுக்கும் வேதியரையும் அதில் காண்கிறோம். அவ்வேதியர் பெரிய புராணத்தில் இல்லை. பாரதியார் படைத்த பாத்திரம். அந்தணர் குலத்திற் பிறந்த ஒருவர், நிலமுடைய அந்தணரின் கடுமையை ஊரறியப் பாடினார் என்பது சிறிய செயலா? நூலில் இலக்கணப் பிழை கண்ட மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். ஒருநாள் பாரதியார் திண்ணையிலமர்ந்து பாடக் கேட்டு உள்ளம் உருகி, பாயிரம் அளித்தார் என்பர்.

இறுதியாக மயிலாடுதுறை, பழைய மாயூரம். திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, தரங்கம்பாடியிலும் சீகாழியிலும் முன்சீப்பாக இருந்து, பின்னர் இவ்வூரில் பணியாற்றினார். நம் திருச்சபையின் மைந்தர். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாக் குறையைப் போக்க விரும்பி அவர் எழுதிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வெளிவந்தது. அதன் நாயகி ஞானாம்பாள் ஆண்வேடத்தில் நாட்டையே ஆள்கிறாள். பெண்கல்விக்காக வாதாடிய நீதிபதியின் கனவு அது.

ஆனால் இவ்வூரார் அவரைப் போற்றியது நூல்களுக்காக மட்டுமன்று. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அப்பொழுது அவர் தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அதைக் கண்ட சைவராகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மீது கீர்த்தனை பாடினார். சைவ மடத்து வித்துவானான மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, முன்னரே இக்கத்தோலிக்க நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் ‘குளத்தூர்க் கோவை’ இயற்றியிருந்தார். வேதநாயகரும் சமயங்கள் அனைத்திற்கும் பொதுவாகச் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ பாடினார். சமரசம் அவர்களுக்கு மேடைப் பேச்சன்று. ஒருவர் இல்லத்தில் மற்றவர் அமர்ந்து பேசிய வாழ்க்கை.

மயிலாடுதுறையில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. நடவு முடித்த பெண்கள் கால் கழுவி வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். எழுத்தறியாதவன், ஆலயத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவன், பசித்தவன் ஆகியோரை மறவாதிருந்ததே இம்மண்ணின் புலவர் மூவருடைய பெருமை. நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு வேதநாயகரின் நாவலை வாங்கித் தருவோம். அதனோடு அவர் வார்த்த கஞ்சியின் கதையையும் சொல்லித் தருவோம்.