சிப்பி ஜன்னல் வீட்டில் எட்டு நாட்கள்

பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தூரம் என்பது மைல் கணக்கில் அடங்குவதன்று. திருச்சிராப்பள்ளியில் வாழும் எங்களுக்கு மதுரைச் சம்பந்தமே தொலைவாகத் தோன்றியிருக்கும். அப்படியிருக்க, பெங்களூரில் பணிபுரியும் எங்கள் மூத்த மகள், உடன் பணியாற்றும் கோவா இளைஞர் ஒருவரை மணக்க விரும்புவதாகச் சொன்ன அன்று, எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு தொடுவாரின்றி ஆறிப்போயிற்று. இரு குடும்பமும் கத்தோலிக்கக் குடும்பம். ஆகவே திருச்சபைச் சட்டத்தில் தடையேதும் இல்லை. தடை எங்கள் மனத்திலேதான் இருந்தது. மொழி வேறு, உணவு வேறு, பழக்க வழக்கம் வேறு. கோவாவைப் பற்றி நாங்கள் அறிந்ததெல்லாம் திரைப்படங்களில் கண்ட கடற்கரையும் மதுக்கோப்பையும் ஆட்டமும் மட்டுமே.

"சம்மதம் என்றோ இல்லை என்றோ சொல்லுமுன், ஒருமுறை எங்கள் வீட்டிற்கு வந்து தங்கிப் பாருங்கள்" என்று அந்த இளைஞரின் தாயார் எங்கள் மகள் மூலம் அழைப்பு விடுத்தார். மறுக்க வழியில்லை. 2023 ஆகஸ்டு மாதத்தில், தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவை ஒட்டி, நாங்கள் இருவரும் புறப்பட்டோம். வேளாங்கண்ணிக்கும் கோவாவின் வாஸ்கோடகாமாவுக்கும் இடையே வாரம் ஒருமுறை ஓடும் ரயில் ஒன்று உண்டு. ஆரோக்கிய அன்னையைத் தரிசிக்கக் கோவா மக்கள் வந்து போகும் வழி அது. அவ்வழியே நாங்கள் எங்கள் கவலையைச் சுமந்துகொண்டு சென்றோம்.

மேசையும் சாவியும்

மட்காவ் நிலையத்தில் எங்களை எதிர்கொண்ட இளைஞர் அழைத்துச் சென்றது, சால்செட் தாலுகாவில் வயல்களும் தென்னைகளும் சூழ்ந்த ஒரு சிற்றூருக்கு. கடற்கரை அங்கிருந்து கண்ணுக்கு எட்டவில்லை. செம்மண் ஓடு வேய்ந்த பழைய வீடு; வாயிலில் எதிரெதிரே இரண்டு கல்லிருக்கைகள் கொண்ட திண்ணை. அதனை அவர்கள் 'பல்காவ்' என்கின்றனர். மாலையில் போவோர் வருவோரை அழைத்து அமரச் செய்து பேசுவதற்கென்றே அமைந்த இடம். நம் முன்னோர் கட்டி, நாம் இடித்துவிட்ட திண்ணைகளை நினைத்துக்கொண்டோம்.

ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகளை மெல்லிய தகடுகளாக்கிப் பதித்திருந்தார்கள். பால்போன்ற வெளிச்சம் அவற்றின் வழியே கூடத்தில் பரவியிருந்தது. எங்களுள் இல்லத்தரசியானவள் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவள். சிப்பியைக் கண்டதும் அவள் முகம் சற்றுத் தெளிந்தது.

தாயாருக்குக் கொங்கணியும் சிறிது ஆங்கிலமும் தெரியும். எங்களுக்குத் தமிழும் சிறிது ஆங்கிலமும். முதல் அரை மணி நேரம் புன்னகையிலேயே கழிந்தது. பின்னர் அவர் அறையைத் திறக்கச் 'சாவி' கேட்டார். ஜன்னலைக் காட்டி 'ஜொனேல்' என்றார். மேசையை 'மேஜ்' என்றும், துவாலையைத் 'துவாலோ' என்றும் சொன்னார். போர்த்துகேயர் அங்கும் நம் கரையிலும் விட்டுச் சென்ற சொற்கள் இரு மொழியிலும் குடியேறி, அவரவர் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. வீட்டைச் சுற்றிப் பொருள்களைத் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்லிக்கொண்டே இரு பெண்களும் சமையற்கட்டை அடைந்தனர். மீதி நாட்கள் அங்கேதான் கழிந்தன.

இட்டிலிக்கு ஓர் உறவு

முதல் நாள் இரவு உணவிற்குச் 'சன்னா' என்றார்கள். கொண்டைக்கடலை வருமென்று காத்திருந்தோம். வந்ததோ வெண்மையான, மிருதுவான இட்டிலி! அரிசியையும் தேங்காயையும் அரைத்து, தென்னங்கள் சேர்த்துப் புளிக்க வைத்து ஆவியில் அவிப்பது சன்னா. உளுந்துக்குப் பதில் கள் மாவைப் பொங்கச் செய்கிறது. கோவாவின் புகழ்பெற்ற ரொட்டியும் பழைய நாளில் கள்ளினால் புளிக்க வைக்கப்பட்டதே. காலையில் சைக்கிள் ஊதுகுழல் ஒலிக்க வீடு வீடாக ரொட்டி கொண்டுவருபவரைப் 'போதேர்' என்கின்றனர்.

சன்னாவுக்குத் துணையாகச் சொர்பொத்தேல் வந்தது. பன்றியின் இறைச்சியையும் ஈரலையும் சிறு துண்டுகளாக்கி, மசாலையும் கள்ளுக் காடியும் சேர்த்துச் செய்வது. சமைத்த அன்றைவிட மூன்றாம் நாள் சுவை கூடும் என்பார்கள். எங்கள் வீட்டில் பன்றி இறைச்சி புழக்கத்தில் இல்லை. எப்படி மறுப்பது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கையில், தாயார் ஒன்றும் கேளாமலே அந்தக் கிண்ணத்தை அப்பால் நகர்த்திவிட்டு, தேங்காயும் கசகசாவும் வறுத்தரைத்த கோழி 'ஷக்குதி'யை எங்கள் பக்கம் வைத்தார். அந்த ஒரு கையசைவில் எங்கள் அச்சத்தில் பாதி அடங்கிற்று. விருந்தினரின் முகத்தைப் படிக்கத் தெரிந்த வீட்டில் எங்கள் மகள் பட்டினி கிடக்கமாட்டாள்.

பெருவிழாவிற்கு முந்திய நாள் வீடெங்கும் மஞ்சள் இலை மணந்தது. நீண்ட மஞ்சள் இலையில் அரிசி மாவைப் பூசி, துருவிய தேங்காயும் தென்னை வெல்லமும் வைத்து, இலையை மடித்து அவிக்கும் 'பாத்தொளியோ' விண்ணேற்புப் பெருவிழாவின் பலகாரம். கார்த்திகையில் பனையோலைக் கொழுக்கட்டை செய்த கைகளுக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. இல்லத்தரசியும் மணைபோட்டு அமர்ந்து இலை மடிக்கலானாள். அதே பலகாரத்தைக் கோவாவின் இந்துக் குடும்பங்கள் நாகபஞ்சமிக்குச் செய்கின்றன. மறுநாள் திருப்பலி முடிந்ததும் முதல் தட்டு அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்திற்குச் சென்றது.

அடுப்படியில்தான் தாயாரின் வாழ்க்கையை அறிந்தோம். கணவர் கப்பலில் வேலை பார்த்தவர். மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் இறந்துபோனார். அதன்பின் 'பெபிங்கா' செய்து விற்று மகனைப் படிக்க வைத்திருக்கிறார் இந்த அம்மையார். பெபிங்கா என்பது முட்டையின் மஞ்சட் கருவும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் நெய்யும் சேர்ந்த இனிப்பு. ஓர் அடுக்கை ஊற்றி, மேலிருந்து தணல் காட்டிச் சிவக்க வைத்த பிறகே அடுத்த அடுக்கை ஊற்றவேண்டும். அவசரப்பட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு பெபிங்காவிற்கு அரை நாள் கழியும். தூத்துக்குடி மக்ரூனில் வெள்ளைக் கருவை அடித்துச் சேர்க்கும் ஊர்ப் பெண், மஞ்சட் கரு போகும் வழியை இங்கே கண்டுகொண்டாள்.

திரையில் கண்டதும் காதால் கேட்டதும்

அவ்வீட்டில் முதியவர் ஒருவர் இருந்தார், தாயாரின் அண்ணன். பம்பாயின் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் வயலின் வாசித்தவர். ஒருநாள் மழைக்கால மாலையில் அவரிடம், எங்களை உறுத்திக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டே விட்டோம்: "பையன் குடிப்பாரா?"

முதியவர் உரக்கச் சிரித்தார். பிறகு, "நீங்கள் 'பாபி' படம் பார்த்திருப்பீர்கள்" என்றார். 1973இல் வெளிவந்த அந்த இந்திப் படத்தில் ஜாக் பிரகான்சா என்னும் கோவா மீனவர் பாட்டிலும் கையுமாகவே தோன்றுவார். உண்மைதான், எங்கள் இளமையில் பார்த்த படம் அது. "கோவாக்காரன் என்றால் குடிகாரன் என்று காட்டிய படங்களுக்கெல்லாம் பின்னணி இசை வாசித்தவர்கள் நாங்கள்தாம். எங்களைக் காதால் சரியாகக் கேட்டுவிட்டுக் கண்ணால் தவறாகப் பார்த்தீர்கள்" என்றார் அவர். குரலில் கோபமில்லை. எங்களுக்கோ தலை நிமிரவில்லை.

அவர் சொன்னவை சிந்திக்கத்தக்கவை. போர்த்துகேயர் ஆட்சியில் கோவாவின் பங்குப் பள்ளிகளில் சிறுவர்களுக்கு மேனாட்டு இசைக் குறியீட்டைப் படிக்கவும் வயலின் வாசிக்கவும் 'மெஸ்த்ரி' எனப்படும் ஆசிரியர் கற்பித்தார். கோயில் பாடற்குழுவுக்கென அமைந்த அக்கல்வியே பிற்காலத்தில் பிழைப்பைத் தேடிப் பம்பாய் சென்றோருக்குச் சோறு போட்டது. இசையமைப்பாளர் மெட்டைச் சொல்ல, அதை ஐம்பது கருவிகளுக்குப் பிரித்து எழுதித் தந்தவர்களில் பலர் கோவா மக்கள். மஜோர்டாவில் பிறந்த அந்தோணி கொன்சால்வஸ் அவர்களுள் ஒருவர். 1977இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' படத்தில் அவர் பெயரைச் சொல்லித் தொடங்கும் பாடல், இசையமைப்பாளர் பியாரேலால் தம் வயலின் ஆசிரியருக்குச் செய்த மரியாதை. அதை வேடிக்கைப் பாட்டென்றே இத்தனை காலம் நாங்கள் எண்ணியிருந்தோம்.

அன்றிரவு வீட்டார் அனைவரும் கூடி 'நாச்சோம்-இயா கும்பாசார்' என்னும் கொங்கணிப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டனர். 2014ஆம் ஆண்டின் சிறந்த கொங்கணிப் படத்திற்கான தேசிய விருது பெற்றது. இசையமைப்பாளர் கிறிஸ் பெர்ரி, பாடகி லோர்னா ஆகியோரின் வாழ்வைத் தழுவிய கதை. இரவெல்லாம் பிறரை ஆடவைத்துவிட்டு விடியலில் வெறுங்கையோடு திரும்பும் இசைக் கலைஞர்களை அதில் கண்டோம். மொழி புரியவில்லை, மகள் ஆங்காங்கே விளக்கினாள். பாடல் வந்தபோதெல்லாம் முதியவரின் விரல்கள் இல்லாத வயலினை மீட்டிக்கொண்டிருந்தன. அன்று திரையைவிட அவரையே அதிகம் பார்த்தோம்.

மறுநாள் மட்காவில் 'தியாத்ர்' என்னும் இசை நாடகம் காணச் சென்றோம். பிழைக்கப் போன கோவா மக்கள் 1892இல் பம்பாயில் தொடங்கிய கலை இது. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே, கதையோடு தொடர்பில்லாத பாடல்களில் ஊர் நடப்பையும் ஆள்வோரையும் சுடச்சுட விமரிசிக்கிறார்கள். அரங்கம் அதிரச் சிரித்தது. எங்களுக்குப் பொருள் விளங்கியது ஐந்து நிமிடம் கழித்து; ஆகவே நாங்கள் தனியாகச் சிரித்தோம்.

விடை தந்த பாடல்

பழைய கோவாவில் புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசித்தோம். 1542இல் கோவாவில் இறங்கிய அவர், அதே ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். 1578இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' நூலுக்கான முதல் தமிழ் எழுத்துகள் சில, அதற்கு முந்திய ஆண்டு கோவாவிலேதான் வார்க்கப்பட்டன. தொலைவென்று நாங்கள் அஞ்சிய ஊர், நம் மொழிக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிமுகமான ஊர்.

ஆனால் அத்தமிழை அச்சேற்றிய ஆட்சியே, 1684இல் கொங்கணியை ஒழித்துப் போர்த்துகேயம் பேச ஆணையிட்டது. ஆணை சென்றடையாத இடங்கள் அடுப்பங்கரையும் தொட்டிலும் பாட்டும். கொங்கணி அங்கே உயிர் தரித்து, 1987இல் கோவாவின் ஆட்சி மொழியாகவும், 1992இல் நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் ஒன்றாகவும் இடம்பெற்றது. இதைச் சொல்லும்போது தாயார் கண்கலங்கினார். மகள் வழியே அவர் கேட்டது ஒன்றே: "என் பேரப்பிள்ளைகள் கொங்கணி பேசுவார்களா?"

நாங்கள் திகைத்துப்போனோம். தமிழ் மறைந்துவிடுமோ என்று நாங்கள் பல இரவுகள் கலங்கியது போலவே, அந்த வீட்டிலும் ஒருவர் உறக்கமின்றிக் கிடந்திருக்கிறார். எங்கள் பயத்தைப் பெரிதாக்கிப் பார்த்த நாங்கள், எதிர்வீட்டுப் பயத்தை எண்ணிப் பார்த்ததேயில்லை.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவு, உறவினர் சிலர் கூடி மாண்டோ பாடினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சால்செட் வீட்டுக் கூடங்களில் வளர்ந்த இசை இது. நிதானமான நடையில் காதலையும் பிரிவையும் பாடுவது. வயலினும், 'குமோட்' என்னும் மண்பானைத் தோற்கருவியும் உடன் செல்லும். முதியவர் வயலின் எடுக்க, தாயார் இறுதியில் பாடியது, லோட்டலிம் ஊரைச் சேர்ந்த தோர்க்குவாத்து டி ஃபிகெய்ரெடு இயற்றிய விடைபெறும் மாண்டோ. ஒரு சொல்லும் எங்களுக்குத் தெரியாது. ஆயினும் இடையில் ஓரிடத்தில் தாயாரின் குரல் தடைப்பட்டபோது, இல்லத்தரசி எழுந்து சென்று அவர் கையைப் பற்றிக்கொண்டாள். எங்கள் மகள் அதைக் கண்டாள். அவளுக்கு எங்கள் விடை கிடைத்துவிட்டது.

2024 தை மாதத்தில் திருச்சியில் திருமணம் இனிதே நிறைவேறியது. கோவாவில் திருமணத்திற்கு முன் மணமக்களுக்குத் தேங்காய்ப்பால் பூசி நீராட்டும் 'ரோஸ்' சடங்கு உண்டு. எங்கள் வீட்டு நலங்கோடு அதையும் சேர்த்துச் செய்தோம். எல்லாம் இனிப்பாக முடிந்ததாகச் சொல்லமாட்டோம். சொர்பொத்தேலை நாங்கள் இன்றும் தொடுவதில்லை. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வற்றல் குழம்பு பிடிக்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் தொலைபேசியில் எங்கள் இல்லத்தரசி அவருக்கு ஒரு தமிழ்ச் சொல்லும், அவர் இவளுக்கு ஒரு கொங்கணிச் சொல்லும் கற்பிக்கிறார்கள்.

அன்புள்ள வாசகர்களே, வேற்று நாட்டுப் பண்பாட்டைத் திரையில் காணலாம், இசையில் கேட்கலாம், தவறில்லை. ஆனால் கண்டதையும் கேட்டதையும் அவர்கள் வீட்டு உணவு மேசையில் அமர்ந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதற்கு எட்டு நாட்கள் தேவைப்பட்டன.