உரைகல்லும் ஊர்தியும்

எங்கள் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் பழைய நிழற்படம் ஒன்று தொங்குகிறது. 1966ஆம் ஆண்டு பினாங்கில் எடுக்கப்பட்ட படம் அது. கைலியும் வெள்ளைச் சட்டையும் அணிந்த என் பாட்டனார், ஆமை முதுகு போல் வளைந்த கூரையும் உருண்டை விளக்குகளும் உடைய ஒரு சிறிய காரின்மீது கைவைத்தவராய் நிற்கிறார். கார் அவருடையதன்று, அவர் கணக்கெழுதிய கடையின் முதலாளிக்கு உரியது. ஆயினும் படத்தின் பின்புறத்தில், "ஜெர்மன் வண்டி, பத்து ஆண்டு ஓடியும் பழுதில்லை" என்று தம் கைப்பட எழுதி ஊருக்கு அனுப்பியிருந்தார். ஜெர்மனியை அவர் கண்டதில்லை. அம்மொழியில் ஒரு சொல்லும் அறியார். எனினும் அந்நாட்டு வண்டியின்மீது அவருக்கு ஐயமற்ற நம்பிக்கை இருந்தது.

தமிழில் 'பெயர்' என்னும் சொல் இருபொருள் தருவது. ஒருவரை அழைக்கும் சொல்லும் பெயரே. ஊரார் ஒருவரைப் பற்றிக் கொள்ளும் மதிப்பும் பெயரே. முன்னதைப் பெற்றோர் சூட்டுவர். பின்னதை நாமே ஈட்டியாக வேண்டும். பாட்டனார் கைவைத்து நின்ற அந்த வண்டியின் பெயர் ஃபோக்ஸ்வாகன். ஜெர்மன் மொழியில் அதற்கு 'மக்கள் ஊர்தி' என்று பொருள். அந்நிறுவனம் தன் பெயரை ஈட்டிய வரலாற்றையும் இழந்த வரலாற்றையும் ஒரு தமிழாசிரியன் ஏன் எழுத வேண்டும் என்று வாசகர் வினவக்கூடும். அவ்வரலாற்றில் என்னையும் ஒருநாள் கண்டேன் என்பதே விடை. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

அந்நிறுவனத்தின் பிறப்பு தூயதன்று. எளிய குடும்பங்களும் வாங்கத்தக்க ஒரு கார் வேண்டும் என்று இட்லர் ஆட்சி விரும்பிற்று. 1934ஆம் ஆண்டு அதனை வடிவமைக்கும் பொறுப்பு பெர்டினாண்ட் போர்ஷே என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1937இல் நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1938 மே 26ஆம் நாள் ஃபாலர்ஸ்லேபன் என்னும் ஊரின் அருகே தொழிற்சாலைக்கு இட்லரே அடிக்கல் நாட்டினான். வண்டியின் விலை 990 மார்க் என அறிவிக்கப்பட்டது. வாரந்தோறும் 5 மார்க்குக்கு வில்லை வாங்கிச் சேமிப்பு ஏட்டில் ஒட்டிவர வேண்டும். ஏடு நிறைந்தால் வண்டி வரும் என்பது ஏற்பாடு. ஏறத்தாழ 3,36,000 பேர் அதனை நம்பி வில்லை ஒட்டினர். போர் மூண்டது. அவர்களுள் ஒருவருக்கேனும் அந்த வண்டி கிடைக்கவில்லை. போருக்குப்பின் அவர்கள் வழக்குத் தொடுத்து, நெடுங்காலம் போராடி, 1961ஆம் ஆண்டில்தான் ஒரு சிறு ஈட்டுத்தொகையையோ புதிய வண்டி வாங்குவதற்கான விலைக்கழிவையோ பெற்றனர்.

இதனினும் கொடியது போர்க்காலத்தில் நிகழ்ந்தது. மக்களுக்கு ஊர்தி செய்யவேண்டிய ஆலை படைக்கு வண்டிகளையும் போர்க்கருவிகளையும் செய்தது. போலந்து, சோவியத்து நாடு முதலிய இடங்களிலிருந்து வலிந்து கொணரப்பட்டோர், போர்க்கைதிகள், வதைமுகாம்களில் அடைக்கப்பட்டிருந்தோர் என ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்பட்டனர். அவ்வாறு உழைத்த பெண்கள் ஈன்ற குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டு ஆலையின் பொறுப்பிலிருந்த விடுதியில் வைக்கப்பட்டனர்; 300க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் பராமரிப்பின்றி மாண்டனர். 'மக்கள் ஊர்தி' என்னும் பெயரை உச்சரிக்கும்போது அந்தக் குழந்தைகளும் மக்களே என்பது நம் நெஞ்சை உறுத்தாமற் போகாது.

1945இல் போர் முடிந்தபோது குண்டுகளால் சிதைந்து கிடந்த ஆலை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஆலையைச் சூழ்ந்த ஊருக்கு ஓல்ஃப்ஸ்பர்க் என்ற பெயர் வழங்கலாயிற்று. ஐவன் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலப் படை மேஜர் பொறுப்பேற்றார். ஆலையை இடித்துத் தள்ளாமல், ஆங்கிலேய நிருவாகத்திற்கே தேவைப்பட்ட வண்டிகளை அங்குச் செய்விக்கலாம் என்பதை அவர் மேலிடத்திற்கு எடுத்துக்காட்டினார். 20,000 வண்டிகளுக்கு ஆணை பிறந்தது. அவ்வாண்டு திசம்பர் இறுதியில் தொடர் உற்பத்தி தொடங்கிற்று. செய்த வண்டியைச் செவ்வையாகச் சோதித்த பின்னரே வெளியனுப்ப வேண்டும் என்ற ஒழுங்கினை வேரூன்றச் செய்தவர்களுள் ஹர்ஸ்ட் முதன்மையானவர். 1948இல் ஐன்ரிக் நோர்டாப் தலைமை ஏற்றார். மறு ஆண்டு ஆலை ஜெர்மானியர் பொறுப்புக்கு மீண்டது. 1955 ஆகஸ்டில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது.

அந்த வண்டியின் அமைப்பு எளிமையானது. பொறி பின்புறத்தில் இருக்கும். அதனைக் குளிர்விக்கக் காற்றே போதும், நீர் வேண்டியதில்லை. நீர் உறையும் பனிநாட்டிலும் நீர் கொதிக்கும் வெப்பநாட்டிலும் அது தளராது ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். வண்டைப் போன்ற வடிவினால் 'பீட்டில்' என உலகம் அதனை அழைத்தது. 1972 பிப்ரவரியில் அதன் எண்ணிக்கை 1,50,07,034ஐ எட்டி, ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற 'டி' வகைக் காரின் எண்ணிக்கையை விஞ்சிற்று. மெக்சிகோ நாட்டின் புவெப்லா நகரில் 2003 சூலை 30ஆம் நாள் இறுதி வண்டி உருவானபோது மொத்தம் 2,15,29,464 வண்டிகள் செய்யப்பட்டிருந்தன.

இப்பெயர் வளர்ந்த வகையை விளக்க ஒரு விளம்பரமே போதும். 1960ஆம் ஆண்டு அமெரிக்க இதழ்களில் வெளிவந்தது அது. பளபளக்கும் புதிய வண்டியின் படம். அதன் கீழே 'லெமன்' என்ற ஒரே சொல். எலுமிச்சையைக் குறிக்கும் இச்சொல் அமெரிக்கப் பேச்சுவழக்கில் பழுதான வண்டியைச் சுட்டும். தன் பொருளைத் தானே பழுது என்று எந்த வணிகன் விளம்பரம் செய்வான்? விளக்கம் கீழே சிற்றெழுத்தில் இருந்தது. வண்டியினுள் ஒரு பேழையின்மேல் பொருத்திய உலோகப் பட்டையில் சிறு கறை இருந்ததாம். ஆலையின் சோதனையாளர் அதனைக் கண்டு அந்த வண்டியை ஒதுக்கிவிட்டாராம். வாங்குவோர் கண்ணுக்குப் புலனாகாத குறையையும் நாங்களே கண்டு களைவோம் என்பதே அவ்விளம்பரம் உரைத்த செய்தி. பினாங்கிலிருந்த என் பாட்டனார் அதனைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அவர் படத்தின் பின்புறம் எழுதிய வரியும் அதையே கூறுகிறது.

இறந்தகாலத்தின் பெருங்கறையையும் நிறுவனம் காலந்தாழ்த்தியேனும் எதிர்கொண்டது. 1986இல் ஹான்ஸ் மம்சன் என்னும் வரலாற்றறிஞரிடம் இட்லர் காலத்து ஆலையின் வரலாற்றை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஆயிரம் பக்கங்களை விஞ்சிய அவ்வாய்வு நூல் 1996இல் வெளிவந்தது. கட்டாய உழைப்புக்கு ஆட்பட்டோர்க்கென 1998இல் 2 கோடி மார்க் நிதி அமைக்கப்பட்டது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு ஒதுங்கிய நிலவறை ஒன்றில் 1999இல் நினைவிடம் திறக்கப்பட்டது. இத்துடன் வரலாறு நின்றிருப்பின், வீழ்ந்து எழுந்த கதை என்று மகிழ்ந்து முடித்திருக்கலாம்.

ஆனால் அந்நினைவிடம் திறந்து பத்து ஆண்டுகள் நிறையுமுன்பே, 2008 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட அந்நிறுவனத்து டீசல் கார்களில் ஒரு வஞ்சகம் குடியேறியிருந்தது. டீசல் பொறி வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நுரையீரலுக்குத் தீங்கானவை. அவற்றுக்கு அமெரிக்கா கடுமையான வரம்பு விதித்துள்ளது. வண்டியை ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மேல் நிறுத்தி, குறித்த வேகத்தில் குறித்த நேரம் ஓட்டிச் சோதிப்பர். அப்போது சக்கரங்கள் சுழலும், கைச்சக்கரம் திரும்பாது. வண்டியின் கணினி இவற்றையெல்லாம் கணித்து, 'இப்போது நான் சோதிக்கப்படுகிறேன்' என்று உணர்ந்துகொள்ளும். உடனே புகையைத் தூய்மையாக்கும் கருவிகளை முழு அளவில் இயக்கும். சோதனை முடிந்து சாலைக்கு வந்ததும் அவற்றைத் தளர்த்திவிடும். அப்போது வெளியான நச்சு, வரம்பைப்போல் 40 மடங்கு வரை இருந்தது.

இதனை வெளிப்படுத்தியவர்கள் ஒரு பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக்குழுவினர். மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் கார்டர் தலைமையில் இயங்கிய அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்று தமிழ்ப்பெயர் தாங்கிய ஆய்வாளரும் இருந்தார். பழுது கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கமன்று; டீசல் கார்கள் சாலையில் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று அளப்பதே பணி. அளவைக் கருவிகளை வண்டியின் பின்பகுதியில் ஏற்றி, கலிபோர்னியச் சாலைகளிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கும் சியாட்டிலுக்கும் இடையிலும் ஓட்டி அளந்தனர். அளந்த மூன்று வண்டிகளுள் இரண்டு ஃபோக்ஸ்வாகன். அவற்றுள் ஒன்று வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கு வரையும், மற்றொன்று 5 முதல் 20 மடங்கு வரையும் நச்சை உமிழ்ந்தன. அறிக்கை 2014இல் வெளிவந்தது. நிறுவனம் ஓராண்டுக்கும் மேலாகப் பலவாறு சாக்குரைத்தது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உண்மையை உலகுக்கு அறிவித்தது. உலகெங்கும் 1 கோடியே 10 இலட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஐந்தே நாளில் தலைவர் மார்ட்டின் விண்டர்கார்ன் பதவி விலகினார். 2017இல் அமெரிக்க நீதிமன்றத்தில் நிறுவனம் குற்றத்தை ஒப்பிற்று. அபராதமும் இழப்பீடும் பிறவுமாக அது இழந்த தொகை 3,000 கோடி யூரோவுக்கும் மிகுதி.

இச்செய்தி நாளிதழில் வந்த காலையில் நான் ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்தேன். 'சோதனை நாளில் மட்டும் ஒழுங்காக நடக்குமாறு அமைக்கப்பட்ட வண்டி' என்ற பொருள்படும் வரியைப் படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். அதற்கு முந்திய ஆண்டுதான், அப்போது நான் பணியாற்றிய கல்லூரிக்கு ஓர் ஆய்வுக்குழு வந்து சென்றிருந்தது. அதற்கு முன்னிரவு நான் உறங்கவில்லை. ஓராண்டுப் பணிக்குறிப்பேட்டை ஒரே இரவில் எழுதினேன். ஒரே மையில் எழுதினால் தெரிந்துவிடும் என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றி எழுதினேன். நடத்தாத வகுப்பை நடத்தியதாகவும், கூடாத மாணவர் மன்றம் கூடியதாகவும் குறித்தேன். என்னை எவரும் வற்புறுத்தவில்லை. மறுநாள் என் மாணவர்களை நூலகத்தில் நூலும் கையுமாக அமரச் செய்தேன். குழுவினர் பாராட்டிச் சென்றனர். மாலையில் ஒரு மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, இன்று எடுத்த நூலைப் பாதிதான் படித்தேன். நாளைக்கும் நூலகத்தில் உட்காரலாமா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் குத்தல் ஏதுமில்லை. உண்மையாகவே படிக்க விரும்பிக் கேட்டான். அதுதான் என்னைச் சுட்டது.

அந்த வண்டியின் கணினிக்கு மனச்சான்று கிடையாது. அதற்கு அவ்வாறு கற்பித்தவர்கள் நன்கு படித்த பொறியாளர்கள். என் மாணவனுக்கு அந்த ஒருநாள் ஒழுக்கத்தைக் கற்பித்தவன் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்ற நான்.

என் அத்தா மளிகைக்கடை வைத்திருந்தார். ஆண்டுக்கொருமுறை எடைக்கற்களைச் சோதித்து முத்திரையிட அலுவலர் வருவார். சிறுவனாக இருந்தபோது, அலுவலர் வரும் நாளறிந்து, "அத்தா, கல்லையெல்லாம் எடுத்துச் சரிபார்த்து வைக்கட்டுமா?" என்று ஆர்வத்தோடு கேட்டேன். அவர் பருப்பு நிறுத்துக்கொண்டே, "நேற்று நிறுத்த கல்தானே தம்பி இன்றைக்கும் இருக்கிறது? அவர் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?" என்றார். அன்று அது எனக்குச் சாதாரணப் பேச்சாகவே பட்டது.

இப்போது என் பணிக்குறிப்பேட்டை அன்றன்றே எழுதுகிறேன். வகுப்பு நடவாத நாளில் அப்பக்கம் வெறுமையாகவே இருக்கும். பின்னொரு முறை ஆய்வுக்கு வந்த பேராசிரியர் ஒருவர் அவ்வெற்றுப் பக்கங்களைச் சுட்டிக் காரணம் வினவினார். "அன்று பாடம் நடத்தவில்லை, ஐயா" என்றேன். அவர் என்னை ஒருகணம் உற்றுநோக்கினார்; பிறகு ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு மதிப்பெண் குறைந்திருக்கலாம். அன்றிரவு நன்றாக உறங்கினேன்.

பெயர் என்பது ஒருமுறை ஈட்டிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று. கட்டாய உழைப்பின் கறையை ஆயிரம் பக்கங்களில் ஒப்பிய அதே நிறுவனம்தான் சில ஆண்டுகளிலேயே புகையில் பொய் சொன்னது. நேற்றைய நேர்மை இன்றைக்குச் செல்லாது. இன்றைக்கு வேண்டியதை இன்றே செய்தாக வேண்டும். கேள்வித்தாளை எதிர்நோக்கியிருக்கும் மாணவச் செல்வங்களுக்கும், அதனைக் குறித்துக்கொடுக்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் இது பொது.

பாட்டனாரின் படத்தை நான் சுவரிலிருந்து இறக்கவில்லை. அவர் எழுதிய காலத்தில் அவர் அறிந்த அளவில் அவ்வரி உண்மை. அந்த வண்டியும் அவரை ஏமாற்றவில்லை. ஆண்டுதோறும் பெருநாளுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது படத்தைக் கழற்றித் துடைத்து, பின்புறத்து வரியை ஒருமுறை படித்துவிட்டு, மீண்டும் அதே ஆணியில் மாட்டுகிறேன்.