ஓய்வு யாருக்கு?

உழைப்பு மனிதனை உயர்த்தும் என்று நாம் படித்திருக்கிறோம். ஓய்வு மனிதனைக் காக்கும் என்பதும் அதே அளவு உண்மை. படைப்புப் பணியை முடித்த இறைவனே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று தொடக்க நூல் கூறுகிறது. ஊர் ஊராகச் சென்று திரும்பிய திருத்தூதர்களுக்கு உண்ணக்கூட நேரமில்லாததைக் கண்ட இயேசு, தனிமையான இடத்திற்குச் சென்று சற்றே இளைப்பாறலாம் என்று அவர்களை அழைத்தார். ஆகவே விடுமுறைப் பயணத்தை வீண் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்த ஓய்வை எப்படித் திட்டமிடுவது? இன்று எந்த உல்லாச விடுதியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் அறை, உணவு, நீச்சல் குளம் ஆகியவற்றோடு 'ஸ்பா' என்ற சொல்லும் காணப்படுகிறது. வாசனை எண்ணெய், மெல்லிய இசை, உடம்பு பிடித்துவிடும் பணிப்பெண் ஆகியவை இல்லாவிட்டால் விடுமுறையே நிறைவு பெறாது என்பது போலப் படம் காட்டுகிறார்கள். காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கரையான்சாவடியில் உள்ள எங்கள் வீட்டிலும் இது ஒரு பட்டிமன்றமாகவே நடந்தது.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். ஸ்பா என்பது பெல்ஜியம் நாட்டில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். அங்குள்ள கனிமநீர் ஊற்றுகளை நாடி நோயாளிகள் சென்றனர். நாளடைவில் ஊரின் பெயரே நீர்ச் சிகிச்சை நிலையங்கள் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் உள்ள பாத் நகரில் ரோமானியர் கட்டிய வெந்நீர்க் குளத்தை இன்றும் காணலாம். இப்படிப்பட்ட 11 ஐரோப்பிய நகரங்களை 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

நமக்கும் இது புதிய செய்தி அன்று. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நம் பாட்டிமார் கண்ட ஸ்பா எனலாம். இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியா என்ற இடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் தாயின் இறுதிச் சடங்கிற்கு நீர் வேண்டித் தரையைக் குத்தியபோது இவை தோன்றின என்பது கதை. இதை நான் வீட்டில் படித்துக் காட்டியதும் பாட்டி, "செத்த பிறகு ஏழு கிணறு எதுக்கு? உசிரோட இருக்கும்போது ஒரு அண்டா வெந்நீர் போட்டுக் குடுத்தா போதாதா?" என்றார்கள். அனைவரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை.

எங்கள் பட்டிமன்றத்தில் அக்கா ஸ்பாவின் பக்கம் நின்றாள். அவள் இரவு நேரங்களிலும் கணினியின் முன் அமர்ந்து வேலை செய்கிறவள். "ஊர் சுத்தி அலையறதுக்குப் பேர் லீவா? ஒரு நாளாவது யாராவது நம்மைக் கவனிச்சுக்கணும்" என்பது அவள் கட்சி. அப்பாவோ, "தென்னாட்டின் ஸ்பா என்று பெயர் பெற்ற குற்றாலம் இருக்கும்போது, காசைக் கொட்டி எதற்கு இன்னொரு ஸ்பா?" என்றார்கள். அம்மாவைக் கேட்டோம். "எங்கே போனாலும் எனக்குச் சரிதான்" என்று கூறிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்கள். அம்மா அம்பத்தூரில் ஓர் ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில் தையல் வேலை பார்க்கிறார்கள். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து எங்கள் அனைவருக்கும் சமைத்து வைத்துவிட்டுத்தான் பேருந்து பிடிப்பார்கள். குனிந்தே தைப்பதால் கழுத்தும் தோளும் எப்போதும் வலிக்கும். எங்கள் வீட்டில் ஓய்வு அதிகம் தேவைப்பட்டவர் யாரோ, அவருக்கு மட்டும் அந்தப் பட்டிமன்றத்தில் கட்சி எதுவும் இருக்கவில்லை.

இறுதியில் அப்பாவின் கட்சியே வென்றது. பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பயணம் செய்து தென்காசியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் குற்றாலம் சென்றோம். ஜூன் முதல் ஆகஸ்டு வரைதான் அங்கே சாரல் காலம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்தபின், செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் சாரலாக வந்து தூவுகிறது. நமக்கோ பெரிய விடுமுறை மே மாதத்தில்! அப்போது பெரும்பாலும் பாறைதான் தெரியும். எங்கள் நல்ல காலம், நாங்கள் சென்றபோது பேரருவியில் அளவான நீர் விழுந்துகொண்டிருந்தது.

சிற்றாறு மலையிலிருந்து குதிக்கும் இடமே பேரருவி. அது ஏறத்தாழ 60 மீட்டர் உயரமானது. அவ்வளவு உயரத்திலிருந்து நேரே தலையில் விழுந்தால் மனிதர் தாங்க முடியுமா? இடையிலே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் நீர் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்து, பிறகுதான் நம் மேல் விழுகிறது. அதன் அடியில் நின்றால் ஆயிரம் கைகள் முதுகில் தட்டுவது போலிருக்கிறது. ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் ஐந்தருவியின் அழகு வேறு. ஆனால் இயற்கை நம் ஏவலுக்குக் காத்திருக்கும் பணியாள் அன்று. 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்ததில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நீர் பெருகும்போது குளிக்கத் தடை விதித்தால் முணுமுணுக்காமல் திரும்புவதே அறிவுடைமை.

பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. நான், அக்கா, பாட்டி மூவரும் மாறி மாறி நீரில் நின்றோம். அம்மா மட்டும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். இடத்தோளில் துணிப்பை, வலக்கையில் எங்கள் செருப்புகள், கழுத்தில் அக்காவின் கைப்பேசி. "நீங்க குளிங்க, நான் அப்புறம் பார்த்துக்கறேன்" என்றார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். அம்மாவைப் போலவே பைகளோடு நின்ற பெண்களை எண்ணினேன். 14 பேர் இருந்தனர். அவர்கள் எல்லோரும் யாரோ ஒருவருடைய அம்மா என்பது பார்த்த அளவிலேயே தெரிந்தது. நூற்றுக்கணக்கான மைல் கடந்து அருவிக்கு வந்து, அதன் திவலையில் மட்டும் நனைந்துகொண்டு நின்றார்கள்.

அக்காவும் அதைக் கண்டுவிட்டாள் போலும். நேரே சென்று, "பையைக் கொடும்மா" என்றாள். அம்மா மறுத்தார்கள். "செருப்பு தொலைஞ்சா நடந்து வர்றேன். கொடு" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அம்மா தயங்கித் தயங்கி நீருக்குள் போனார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்புவார்கள் என்று எண்ணினோம். அரை மணி நேரம் ஆயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தோளை நீருக்குக் கொடுத்து நின்றார்கள். வெளியே வந்தபோது, "தலையில இருந்த பாரத்தை யாரோ இறக்கி வெச்ச மாதிரி இருக்கு" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலையும் நாங்கள் கேட்காமலேயே, "இன்னொரு தடவை போலாமா?" என்றார்கள். அம்மா தமக்காக ஒன்று வேண்டும் என்று கேட்டதை நான் அன்றுதான் கேட்டேன்.

அப்படியானால் ஸ்பா தேவையே இல்லை என்று முடித்துவிடலாமா? அதுவும் நியாயம் ஆகாது. குற்றாலத்தில் ஆண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அப்பா ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அரை மணியில் புதிய மனிதராக எழுந்தார்கள். அம்மாவும் பாட்டியும் திறந்த வெளியில் அப்படி உட்கார முடியுமா? "இதுக்குத்தான் ஸ்பா வேணும்னு சொன்னேன். கதவு சாத்தின அறை, பெண்ணுக்குப் பெண்ணே தேய்ச்சுவிடறது. இது ஆடம்பரமா?" என்று அக்கா கேட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை. அவள் வாதத்தில் நியாயம் இருப்பதை நானும் ஏற்கிறேன். கேரளத்தில் கர்க்கடக மாதத்தில் ஆயுர்வேத மருத்துவரின் ஆலோசனைப்படி எண்ணெய்ச் சிகிச்சை பெறும் வழக்கம் இருக்கிறது. அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீராவிக் குளியலில் இறங்கக் கூடாது என்பதையும் மறக்கலாகாது.

இன்னொன்றும் உண்டு. நகரங்களில் உள்ள ஸ்பாக்களில் நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளம் பெண்கள் பலர் வேலை செய்கின்றனர். நாள் முழுவதும் பிறர் கால்களைப் பிடித்துவிடும் அந்தச் சகோதரியின் கால் வலியை யார் கேட்பார்? நாம் பெறும் ஓய்வு மற்றொருவர் உழைப்பில் விளைவது. ஆகையால் அவரிடம் மரியாதையோடு பேசி, நன்றி கூறி வருவது நம் கடமை.

யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தைப் பற்றிப் படிக்கிறோம். எருசலேமில் ஐந்து மண்டபங்களோடு இருந்த அக்குளத்தின் கரையில் நோயாளிகள் பலர் கிடந்தனர். அவர்களுள் ஒருவர் 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்தவர். நலம்பெற விரும்புகிறாயா என்று இயேசு கேட்டபோது, தண்ணீர் கலங்கும் வேளையில் தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்றார் அவர். மறைக்கல்வி வகுப்பில் பலமுறை கேட்ட பகுதிதான் இது. ஆயினும் குற்றாலம் சென்று வந்தபின் அது எனக்குப் புதிதாக ஒலிக்கிறது. குளம் இல்லை என்று அவர் முறையிடவில்லை. கூட்டிச் செல்ல ஆள் இல்லை என்பதே அவர் குறை. 1858ஆம் ஆண்டு 14 வயதுச் சிறுமி பெர்னதெத்துக்கு அன்னை மரியா காட்சி தந்த லூர்து நகரில், நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் வைத்து அழைத்துச் செல்லத் தொண்டர்கள் பலர் முன்வருகிறார்கள். பெத்சதாவில் கிடைக்காத ஆள் அங்கே கிடைக்கிறார்.

ஆகவே, அன்புத் தோழியரே, விடுமுறைக்குத் திட்டமிடும்போது விடுதியில் ஸ்பா உண்டா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. நம் வீட்டில் மிகவும் களைத்திருப்பவர் யார்? அவருக்கு எது இதமளிக்கும்? அவர் ஓய்வெடுக்கும்போது அவருடைய பையை யார் சுமப்பது? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையேல், எத்தனை நட்சத்திர விடுதிக்குப் போனாலும் அங்கும் அம்மா பையோடுதான் நிற்பார்கள். விடை இருந்தால் அருவியும் ஸ்பாதான். நம் வீட்டுக் குளியலறையும் ஸ்பாதான்.

இப்போது எங்கள் வீட்டில் ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் நானும் அக்காவும் முறை வைத்து வெந்நீர் போடுகிறோம். பாட்டி நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி அம்மாவின் தோளில் தேய்த்துவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அடுப்படி என் பொறுப்பு. மெட்ரோ இரயில் தூண்களுக்கு நடுவே வண்டிகள் இரையும் எங்கள் ஊரில் அருவிச் சத்தம் கேட்காது. ஆனால் கதவுக்கு அப்பால் அம்மா பாடிக்கொண்டே குளிப்பது கேட்கும். அந்த இசையை நீங்களும் உங்கள் இல்லங்களில் கேட்க வேண்டும் என்பதே என் ஆவல்.