சிக்கனமும் ஒரு பொறியியலே

ரோபோ செய்வது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பல்கலைக்கழக ரோபோட்டிக் குழுவில் பொருள் வாங்கும் பொறுப்பை ஏற்றிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பணம் வேண்டும்தான், ஆனால், நாம் அஞ்சும் அளவுக்கு வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் பாதிப்பேர் பிடிபிடிஎன் கடனில் படிப்பவர்கள். ஆளுக்கு 100 வெள்ளி போடச் சொன்னால் முதலில் விலகுவது திறமை இல்லாதவரா? இல்லை, காசு இல்லாதவர். தோட்டப்புறத்திலிருந்து வந்த தங்கை ஒருத்தி அப்படித்தான் விலகப் பார்த்தாள். மின்சுற்று வரைவதில் அவளை மிஞ்ச எங்களில் ஆளில்லை. எனவே, சந்தா 30 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது என்று முடிவெடுத்தோம். அவளும் தங்கினாள். மீதியைச் சிக்கனம்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஜார்ஜ்டவுன் நகர அரங்கத்தை ஒட்டிய லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுவோம். பழுதான பிரிண்டர் கிடைத்தால் அது எங்களுக்குப் புதையல். உள்ளே மோட்டார், நேரான எஃகுத் தண்டு, பல் வைத்த பெல்ட் எல்லாம் இருக்கும். பழைய கணினியின் பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் தரும். சோதனை மேசைக்கு அதுவே போதும். “ரோபோ செய்கிறோம், பாக்சிக்” என்றால் சில வேளைகளில் விலையும் இறங்கும். ரோபோவின் கையைத் தூக்க, பழைய கார்களின் கண்ணாடியை ஏற்றி இறக்கும் 12 வோல்ட் மோட்டார் கைகொடுக்கும்.

எல்லாவற்றிலும் மலிவைத் தேடக் கூடாது, நண்பர்களே! மோட்டாரை இயக்கும் எல்298என் பலகை விலை குறைவு. ஆனால், அது ஏறக்குறைய 2 வோல்ட்டை வெப்பமாகத் தின்றுவிடும். பளு கூடினால் இன்னும் அதிகம். 12 வோல்ட் மின்கலம் வாங்கி, மோட்டாருக்கு 10 வோல்ட் கொடுப்பதா சிக்கனம்? மாஸ்பெட் வகைப் பலகைக்குக் கூடுதலாகக் கொடுப்பதே ஆதாயம். லித்தியம் மின்கலத்திலும் நாங்கள் மலிவு பார்ப்பதில்லை. தரமற்றது தீப்பிடிக்கும்.

இணையத்தில் வாங்குவதற்கும் கணக்கு உண்டு. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையவழி வாங்கும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. வரி, அனுப்பும் செலவு, காத்திருக்கும் நாள் ஆகிய மூன்றையும் கூட்டிய பிறகே விலையை ஒப்பிடுகிறோம். சைட்ரோன் போன்ற உள்ளூர் நிறுவனங்களிடம் வாங்குவது சில வேளைகளில் மேலாக இருக்கிறது. பெருநிலத்துக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். 2019 முதல் பினாங்குப் பாலத்தில் அதற்குச் சுங்கக் கட்டணம் இல்லை.

போட்டி முடிந்ததும் ரோபோவைக் கண்ணாடிப் பேழையில் வைப்பதில்லை. திருகாணி திருகாணியாகப் பிரித்து, பெட்டிகளில் பெயர் எழுதி அடுக்குகிறோம். எதை, எங்கே, என்ன விலைக்கு வாங்கினோம் என்ற கணக்கேடு அடுத்து வரும் தம்பி தங்கைகளின் கைக்குப் போகும். முன்னாள் மாணவர்களே, உங்கள் வீட்டில் பழுதான பிரிண்டர் இருந்தால் வீசிவிடாதீர்கள், எங்களிடம் தாருங்கள். கையில் காசில்லை என்பதற்காக ஒரு மாணவர்கூட எங்கள் மேசையை விட்டு எழுந்து போகக் கூடாது.